நர்சிங் வகுப்பில் ஆண், பெண், மார்க்: வாசகர் கேள்வி பதில்

சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கமிருந்து நர்சிங் படிப்பைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நர்சிங் ஆசிரியர்களும் புள்ளியியல் தெரிந்தவர்களும் அடங்கிய குழு பதில் எழுதியிருக்கிறது. பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் பெயர் மட்டும்.

எங்கள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பெண்கள் 48 பேர், ஆண்கள் 12 பேர். செமஸ்டர் சராசரி பெண்களுக்கு 64 (திட்ட விலக்கம், அதாவது மார்க்குகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, 8), ஆண்களுக்கு 60 (திட்ட விலக்கம் 10). இதை வைத்து எம்.எஸ்ஸி. ஆய்வில் ‘ஆண் மாணவர்களின் கல்வித் தேர்ச்சி குறைவு’ என்று முடிவு எழுதலாமா? எழுதலாம் என்கிறார் கைடு.
— நர்சிங் டியூட்டர், சேலம்

கைடு சொன்னாலும் எழுத வேண்டாம். உங்கள் கையில் இருப்பது 4 மார்க் வித்தியாசம். அது நிஜமா, தற்செயலா என்று இந்த 60 பேரை வைத்துச் சொல்ல முடியாது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 8-ன் வர்க்கம் 64. அதை 48-ஆல் வகுத்தால் 1.33. 10-ன் வர்க்கம் 100. அதை 12-ஆல் வகுத்தால் 8.33. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 9.67, அதன் வர்க்கமூலம் 3.1. வித்தியாசத்தின் திட்டப் பிழை, அதாவது அது தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு, இதுதான். 4-ஐ 3.1-ஆல் வகுத்தால் டி மதிப்பு 1.29 வருகிறது. 5% மட்டத்தில் முக்கியத்துவம் பெற, அதாவது வெறும் தற்செயல் இல்லை என்று சொல்ல, இங்கே சுமார் 2.13 வேண்டும். எட்டவில்லை. 95% நம்பிக்கை இடைவெளி −2.6-லிருந்து 10.6 வரை போகிறது. பெண்கள் 10 மார்க் முந்தியிருந்தாலும் சரி, ஆண்களே 2 மார்க் முந்தியிருந்தாலும் சரி, இரண்டுக்கும் உங்கள் தரவு இடம் கொடுக்கிறது.

அந்த 9.67-ல் 8.33 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முழுக்க முழுக்க ஆண்கள் பக்கமிருந்து. 12 பேர்தான் இருக்கிறார்கள், அதுதான் முக்கியக் காரணம். பதினோரு பையன்கள் சராசரியாக 62 வாங்கி, ஒருவர் மட்டும் மஞ்சள் காமாலையில் படுத்து 38 வாங்கினாலே மொத்தச் சராசரி 60-க்கு இறங்கிவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அரிசிக்குச் சரி. 12 பையன்களில் ஒருவர் மற்ற பதினொருவருக்குப் பதம் ஆகமாட்டார். அதனால் சராசரியோடு இடைநிலை அளவையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மார்க்) போடுங்கள். இரண்டும் விலகி நின்றால், யாரோ ஓரிருவர் சராசரியை இழுக்கிறார்கள் என்று பொருள்.

எக்செல்லில் இரு சராசரிகளை ஒப்பிடும் டி.டெஸ்ட் கட்டளை கொடுக்கும்போது வால் 2, வகை 3 என்று கொடுங்கள். வகை 3 என்பது இரு குழுக்களின் விலக்க வர்க்கச் சராசரியும் சமம் என்று கொள்ளாத கணக்கு. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்தினால் விடை இரண்டு வரியாக வரும். கீழ் வரியை எடுங்கள். மேல் வரியில் உங்கள் தரவுக்கு 1.47 வரும், கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். குழுக்கள் 48-க்கு 12 என்று சமமில்லாமல் இருக்கும்போது மேல் வரியை நம்பக் கூடாது.

அதற்காக ‘ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை’ என்றும் எழுதிவிடாதீர்கள். அதுவும் தப்பு. விளைவின் அளவை, அதாவது வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 0.47 வருகிறது. வழக்கமாக 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்பார்கள். நடுத்தர அளவு வித்தியாசம் ஒன்று இருந்து, அதைப் பிடிக்க உங்கள் வலை சிறியதாகவும் இருக்கலாம். 0.5 அளவு வித்தியாசத்தை 80% வாய்ப்போடு கண்டுபிடிக்க இரு பக்கமும் 64 பேர் வேண்டும். உங்கள் வகுப்பைப் போல ஒன்றுக்கு நான்கு என்ற விகிதம்தான் கிடைக்கும் என்றால் ஆண்கள் 40, பெண்கள் 160. ஒரே கல்லூரியில் ஒரே ஆண்டில் இது கிடைக்காது. நாலைந்து பேட்ச்களையோ, சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கத்துக் கல்லூரிகள் சிலவற்றையோ சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளைச் சேர்த்தால் இன்டர்னல் மார்க்கை ஒப்பிடாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் கை தாராளம் ஒவ்வொரு மாதிரி. பல்கலைக்கழகத் தேர்வு மார்க் மட்டும் போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். ஆணோ பெண்ணோ, ஆங்கில வழியில் பிளஸ் டூ படித்தவர்கள் சராசரி 68, தமிழ் வழியில் படித்தவர்கள் 58 என்று வைத்துக்கொள்வோம். ஆண், பெண் வித்தியாசம் துளியும் இல்லை. பெண்கள் 48 பேரில் 36 பேர் ஆங்கில வழி, 12 பேர் தமிழ் வழி. ஆண்கள் 12 பேரில் 3 பேர் ஆங்கில வழி, 9 பேர் தமிழ் வழி. இப்போது பெண்கள் சராசரி 65.5, ஆண்கள் சராசரி 60.5. எங்கிருந்தோ 5 மார்க் வித்தியாசம் முளைத்துவிட்டது. ‘ஆண், பெண்’ என்று மட்டும் பிரித்துப் பார்ப்பவர் இதைப் பையன்களின் சோம்பல் என்று எழுதிவிடுவார்.

ஆகவே பிளஸ் டூ மார்க், பயிற்று மொழி, விடுதியா வெளி அறையா, தினசரிப் பயண நேரம், நர்சிங்கை விரும்பிச் சேர்ந்தாரா வேறு கிடைக்காமல் சேர்ந்தாரா என்று ஐந்தையும் சேர்த்தே திரட்டுங்கள். பல காரணிகளை ஒரே நேரத்தில் கணக்கில் எடுக்கும் பன்மைத் தொடர்புப் போக்கில் ஒவ்வொரு காரணிக்கும் குறைந்தது 10 முதல் 15 பேர் வேண்டும் என்பது நடைமுறை விதி. இன்னொரு பள்ளம்: படிப்பைப் பாதியில் விட்டவர்கள். 15 பையன்கள் சேர்ந்து 3 பேர் நின்றிருந்தால், மிஞ்சிய 12 பேரை மட்டும் எடுப்பது கதையின் பாதிதான். முதல் செமஸ்டர் சேர்க்கைப் பட்டியலிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

எட்டுப் பாடத்துக்கும் தனித்தனியாக டி-டெஸ்ட் போட்டு, ஒன்றில் நட்சத்திரம் (முக்கியத்துவம் உண்டு என்ற குறி) விழுந்ததும் குதிக்கிற வழக்கம் நம் ஆய்வேடுகளில் நிறைய. எட்டு சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஒன்றிலாவது சும்மா நட்சத்திரம் விழும் வாய்ப்பு சுமார் 34%. 0.05-ஐ எட்டால் வகுத்து 0.00625 என்று எல்லையை இறுக்கிக்கொள்ளுங்கள்.

பொதுவான படிப்பில் என்ன நிலவரம் என்று ஒப்பிட விரும்பினால், பல நாட்டுப் பள்ளி, கல்லூரி மார்க்குகளைத் திரட்டி 2014-ல் வெளிவந்த கனடா தொகுப்பாய்வு ஒன்று பெண்களுக்கு விளைவின் அளவில் 0.23 முன்னிலை காட்டியது. உங்கள் வகுப்பின் திட்ட விலக்கத்துக்கு அது சுமார் 2 மார்க். நர்சிங்குக்கென்று தனியாக ஏதோ நடக்கிறது என்று சொல்ல, அந்த 2 மார்க்கைத் தாண்டி ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

மார்க் பட்டியல் உங்கள் மேசையிலேயே இருப்பதால் ஒப்புதல் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். முதல்வர் அனுமதி, நெறிமுறைக் குழு அனுமதி, மாணவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் மூன்றும் வேண்டும். பையன்கள் 12 பேரே இருக்கும் வகுப்பில் ‘ஆண், தமிழ் வழி, ஏற்காடு, வெளி அறை’ என்று எழுதினாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். 5 பேருக்குக் குறைவாக விழும் கட்டங்களை அட்டவணையில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

என் பையன் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்ந்திருக்கான். ‘பிரசவ வார்டுல ஆம்பளப் பையனை உள்ள விடமாட்டாங்க, அந்தப் பாடத்துல மார்க் போயிரும், வருசம் வீணாயிரும்’னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க. நெசமா?
— ஒரு தாய், ஆத்தூர்

பயப்பட வேண்டாம் அம்மா. ஆனால் சொந்தக்காரர்கள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை.

முன்பு ஆண் செவிலியருக்கு மகப்பேறுப் பாடம் கிடையாது. அதற்குப் பதில் ஆபரேஷன் தியேட்டர், மனநலம், எலும்பு சிகிச்சை, காசநோய் என்று வேறொரு துறையில் அதே கால அளவுப் பயிற்சி எடுப்பார்கள். இப்போது பாடத்திட்டம் ஒன்றுதான். உங்கள் மகன் ஆறாம், ஏழாம் செமஸ்டர்களில் மகப்பேறு நர்சிங்கைப் பெண்களைப் போலவே படித்து, தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 50% எடுக்க வேண்டும். தேர்வு எழுத 80% வருகை வேண்டும். பட்டம் வாங்கும் முன் பிராக்டிகல் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) 100% முடித்திருக்க வேண்டும். ‘பையன்தானே, விட்டுவிடலாம்’ என்ற சலுகை இல்லை.

சிக்கல் வருவது கேஸ் எண்ணிக்கையில். லாக் புக்கில் இத்தனை கர்ப்பிணிப் பரிசோதனை, இத்தனை பிரசவம், இத்தனை பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு என்று கணக்கு உண்டு. தாய்மார்களில் சிலர் ஆண் மாணவர் வேண்டாம் என்பார்கள். அது அவர்கள் உரிமை, அதில் வாதாட இடமில்லை. கெடுவது எங்கே என்றால், ஒருவர் வேண்டாம் என்றதும் பையன்களை மொத்தமாக வெளி வராந்தாவில் நிறுத்தி, கடைசி வாரத்தில் கணக்கு நிரப்ப ஓடுவது. மகனிடம் இதைச் சொல்லுங்கள்: போஸ்டிங்கின் முதல் வாரத்திலேயே பற்றாக்குறைப் பட்டியலை டியூட்டரிடம் காட்டி, நைட் டியூட்டியும் கர்ப்பிணிகள் ஓ.பி.யும் கேட்டு வாங்க வேண்டும். உள்ளே போகும்போது பெண் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் கூட இருக்க வேண்டும். தன் பெயரையும் ‘நர்சிங் மாணவன்’ என்பதையும் சொல்லி, என்ன செய்யப் போகிறான் என்று தமிழில் விளக்கி, ‘சரிங்களாம்மா’ என்று கேட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். திரை இழுத்திருக்க வேண்டும். பரிசோதிக்கும் இடத்தைத் தவிர மற்ற இடம் போர்த்தியிருக்க வேண்டும். இப்படி முறையாகக் கேட்டால் சம்மதிக்கிற தாய்மார்கள் நிறையப் பேர். கேட்கவே கூசுகிற பையனுக்குத்தான் கேஸ் கிடைக்காது.

மார்க்கில் பாதிக்கு மேல் கை வைக்காமலே படிக்கக்கூடியவை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் நான்கு நிலைகளையும் மேனிகினில் (பயிற்சிப் பொம்மையில்) பழகலாம். கருப்பையின் உயரத்தை டேப்பால் அளந்தால் 24 முதல் 36 வாரம் வரை சென்டிமீட்டரும் வாரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும் என்பது, பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடமான பார்டோகிராஃபில் எச்சரிக்கைக் கோட்டுக்கு வலப்பக்கம் 4 மணி நேரம் தள்ளி செயல் கோடு என்பது, பிறந்த குழந்தையின் நிலையைக் காட்டும் அப்கார் மதிப்பெண் 1-ஆம் நிமிடமும் 5-ஆம் நிமிடமும் எடுக்க வேண்டும் என்பது எல்லாம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்.

ஆண் பிள்ளைகள் கணக்கில் கெட்டி. அப்படியானால் மருந்து அளவுக் கணக்கில் அவர்கள்தானே முந்த வேண்டும்?
— எடப்பாடி வாசகர்

அப்படி முந்துவதில்லை. இங்கே தேவைப்படும் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு. 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஏற்றும் குழாய் செட்டில் 1 மி.லி.க்கு 20 சொட்டு: 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. மைக்ரோ செட் என்றால் 1 மி.லி.க்கு 60 சொட்டு, அதனால் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. பெருக்கலில் யாரும் தப்புச் செய்வதில்லை. மணியை நிமிடமாக்க மறப்பதிலும், மில்லிகிராமை மைக்ரோகிராமோடு குழப்புவதிலும், 0.5 என்று எழுதாமல் .5 என்று எழுதி அடுத்தவர் அதை 5 என்று படிப்பதிலும்தான் தப்பு. இதில் ஆண், பெண் இரண்டு பக்கமும் ஒரே லட்சணம்.

நான் மூன்றாம் செமஸ்டர் மாணவன். கல்லூரியில் பெண்களுக்கு மட்டும் விடுதி. நாங்கள் நாலு பையன்கள் புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரூம் எடுத்திருக்கிறோம். வார்டில் ‘நல்ல கை’ என்று சிஸ்டர்கள் சொல்கிறார்கள். தியரியிலும் கேர் பிளானிலும் (நோயாளிப் பராமரிப்புத் திட்டம்) மார்க் வருவதில்லை. பெண்களைவிட எங்களுக்குப் படிப்பு வராதா?
— சேலம் மாணவர்

வரும். உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. விடுதியில் இருக்கும் மாணவிகளுக்கு மாலை படிப்பு நேரம் உண்டு, சீனியர்களின் பழைய நோட்டு உண்டு, நாளைக்கு எந்த மேடம் எதைக் கேட்பார் என்ற தகவல் சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கும். உங்களுக்கு டியூட்டி முடிந்து பஸ் பிடித்து, அரிசி கழுவி, துணி துவைத்து முடிக்கும்போது ஒன்பது மணி. இரண்டு மணி நேரம் குறைகிறது தம்பி, மூளை குறையவில்லை.

சமையலை முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒருவர், மற்ற மூவர் படிக்க. வகுப்பு மாணவி ஒருவரோடு நோட்டு மாற்றிக்கொள்ள வெட்கப்படாதீர்கள். சீனியர் பையன்களின் பழைய லாக் புக்கையும் கேள்வித்தாள்களையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். நூலகத்தை மாலை ஏழு மணி வரை திறந்து வைக்கச் சொல்லி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பதோடு போய்விடும்.

கேர் பிளானுக்கு வருவோம். பெரும்பாலும் மார்க் போகிற இடங்கள் மூன்று. முதலாவது, டாக்டரின் நோயறிதலை அப்படியே எழுதுவது. ‘நிமோனியா’ என்பது நர்சிங் நோயறிதல் ஆகாது. சிக்கல், காரணம், சான்று மூன்றும் வர வேண்டும்: சளி கெட்டியாக இருப்பதால் சுவாசப் பாதை தெளிவாக இல்லை, சான்று, மூச்சு நிமிடத்துக்கு 28, இருமினால் சளி வெளியேறவில்லை, கீழ் நுரையீரலில் இரைச்சல். இரண்டாவது, இலக்கில் நேரமும் அளவும் இல்லாமல் ‘நோயாளி நலமடைவார்’ என்று முடிப்பது. ‘24 மணி நேரத்துக்குள் மூச்சு நிமிடத்துக்கு 20-க்குள், ஆக்சிஜன் அளவு 94%-க்கு மேல்’ என்று எழுதினால்தான் பிறகு அளந்து பார்க்க முடியும். மூன்றாவது, செய்ததற்குக் காரணம் எழுதாமல் விடுவது. நோயாளியைச் சாய்ந்து உட்கார வைத்தீர்கள்; உதரவிதானம் கீழிறங்கி நுரையீரல் விரிய இடம் கிடைக்கும் என்பதால் வைத்தீர்கள். இதை வார்டில் கையால் செய்துவிட்டு, தாளில் எழுதாமல் வருகிறீர்கள். ‘நல்ல கை’க்கு மார்க் கிடைக்காமல் போவது இங்கேதான்.

கடைசிக் கட்டமான மதிப்பீட்டை மறுநாள் எழுதலாம் என்று காலியாக விட்டால் அது காலியாகவே இருக்கும். டியூட்டி முடியும் கடைசி 20 நிமிடத்தில், நோயாளியின் பக்கத்திலேயே நின்று எழுதிவிடுங்கள்.

எழுத்துத் தேர்வு 75, இன்டர்னல் 25. பிராக்டிகலில் இரண்டும் 50, 50. பிராக்டிகலில் 80 வாங்கி தியரியில் 45 வாங்கினால் அது தேர்ச்சி இல்லை. ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடாது. மூன்றாம் செமஸ்டரில் நுண்ணுயிரியல், மருந்தியல், நோயியல் மூன்றும் ஒன்றாக வந்து அழுத்தும். மருந்துகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், அன்று வார்டில் நீங்களே கொடுத்த ஐந்து மருந்தை இரவு எழுதுங்கள்: எந்தக் குழு, எப்படி வேலை செய்கிறது, எதைக் கவனிக்க வேண்டும், எப்போது கொடுக்கக் கூடாது. உங்களுக்கு வார்டுதான் பலம், அந்த வழியாகவே புத்தகத்துக்குள் போங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் குடும்பம். வகுப்பில் எழுத்துத் தேர்வில் நான்தான் முதல் மூன்று பேரில் ஒருத்தி. வைவாவில் வாய் திறக்க முடியவில்லை. எங்கள் வகுப்புப் பையன்கள் தெரியாததையும் தைரியமாகச் சொல்லி மார்க் வாங்கிவிடுகிறார்கள். என்ன செய்வது?
— நான்காம் செமஸ்டர் மாணவி

தெரியாததைத் தைரியமாகச் சொல்லும் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள் அம்மா. வார்டில் அது ஆளைக் கொல்லும். தேர்வாளர் நல்லவராக இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும்.

வைவாவில் உங்களை அடைப்பது பாடம் இல்லை, ஆங்கிலத்தில் முதல் வாக்கியம். அதனால் முதல் வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள். ஒவ்வொரு நோய்க்கும் வரையறை ஒரு வரி, ஒவ்வொரு செய்முறைக்கும் நோக்கம் ஒரு வரி. மொத்தம் நாற்பது வரி இருந்தால் ஒரு பிராக்டிகல் தேர்வுக்குப் போதும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் படித்தால் வைவாவில் வராது. மலைப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் ஒரு தடவை சொல்லி முடித்துவிடலாம். பஸ்ஸில் கூச்சமாக இருந்தால் போனில் பேசுகிற மாதிரி பேசுங்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி புரியாவிட்டால் ‘இன்னொரு தடவை கேளுங்க மேடம்’ என்று கேட்கலாம். அதற்கு மார்க் குறைக்க விதி இல்லை. தெரியாவிட்டால் ‘இது தெரியவில்லை, ஆனால் இதோடு தொடர்புடைய இதைச் சொல்ல முடியும்’ என்று அடுத்த படிக்குப் போங்கள். தினமும் மலையிறங்கி ஏறுகிறீர்கள் என்றால், போஸ்டிங் இருக்கும் மாதங்களில் மட்டுமாவது விடுதி கேளுங்கள். பனிக்காலத்தில் மூடுபனியில் பஸ் தாமதமானால் போவது உங்கள் 80% வருகைதான்.

நான் பிராக்டிகல் தேர்வாளர். ரெக்கார்டு நோட்டு சுத்தமாக இருந்தால் என்னையறியாமல் கூட்டிப் போடுகிறேனோ என்று சந்தேகம். பெண்களின் நோட்டுதான் சுத்தமாக இருக்கிறது.
— ஓமலூர் வாசகி

நியாயமான சந்தேகம். இதை யோசிக்காத தேர்வாளர்கள்தான் அதிகம். நோட்டைச் செய்முறைக்கு முன் பார்க்காதீர்கள், கடைசியில் பாருங்கள். பதிவெண் மட்டும் தெரிகிற மாதிரி அட்டையை மடித்துவிடச் சொல்லுங்கள். ‘செய்முறை: 20-க்கு 15’ என்று மொத்தமாகப் போடும்போதுதான் அழகான கையெழுத்தும் பளிச்சென்ற யூனிஃபார்மும் உள்ளே நுழையும். திருத்தப்பட்ட பாடத்திட்டம் ஓ.எஸ்.சி.இ. முறையைக் கொண்டுவந்திருக்கிறது. நிலையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நேரம் வைத்து, படிப்படியாக டிக் அடிக்கும் முறை.

இரத்த அழுத்தம் எடுக்கும் நிலையம் என்றால் பட்டியலை இப்படி வைக்கலாம்: கை சுத்தம் செய்தாரா, ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி, நோயாளியை ஐந்து நிமிடம் அமர விட்டாரா, கை இதய மட்டத்தில் இருக்கிறதா, கையில் சுற்றும் கஃப் பட்டையின் காற்றுப் பையின் அகலம் கைச் சுற்றளவில் 40% வருகிறதா, முதலில் நாடியைத் தொட்டு மேல் அளவைக் கணித்தாரா, அதற்கு மேல் 30 மி.மீ. ஏற்றினாரா; வினாடிக்கு 2 முதல் 3 மி.மீ. வேகத்தில் இறக்கினாரா, எந்தக் கை, எந்த நிலை என்று சேர்த்துப் பதிந்தாரா, நோயாளிக்கு அளவைச் சொன்னாரா. செய்தால் 2, அரைகுறை என்றால் 1, செய்யாவிட்டால் 0. நடுவில் ‘பரவாயில்லை’ என்ற கட்டமே கிடையாது. இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டு, 20-க்கு 3-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பையன்கள் பக்கமும் ஒரு சாய்வு உண்டு, அதையும் கவனியுங்கள். ஆளைத் தூக்க, ஸ்ட்ரெச்சர் தள்ள, சிலிண்டர் மாற்ற என்று வார்டில் பையன்களையே கூப்பிடுவோம். மற்றவர்கள் டிரெஸ்ஸிங்கும் கதீட்டரும் பழகுகிற நேரத்தில் அவர்கள் லிஃப்ட் வாசலில் நிற்பார்கள். பிறகு தேர்வில் கை நடுங்குகிறது என்று மார்க்கைக் குறைப்போம்.

ஆண் நர்சுக்கு வேலை கிடைக்குமா?
— மேட்டூர் வாசகர்

கிடைக்கும், ஆனால் எல்லா வாசலும் ஒரே அகலம் இல்லை. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணிக்கு 80 பங்கு பெண்கள், 20 பங்கு ஆண்கள் என்ற விகிதத்தை 2019-ல் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்து வழக்குகளும் நடந்தன. ஒவ்வோர் அறிவிப்பிலும் அந்தப் பத்தியை முதலில் படியுங்கள். ஐ.சி.யூ., டயாலிசிஸ், அவசர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், மனநலப் பிரிவுகளில் தனியார் மருத்துவமனைகள் ஆண்களைத் தேடி எடுக்கின்றன.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் காலத்திலிருந்தே இது பெண்களின் தொழில்தானே? இயல்பாகவே பெண்கள்தானே நன்றாகப் படிப்பார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி

நைட்டிங்கேல் பள்ளி 1860-ல் லண்டனில் தொடங்கியது பெண்களுக்காக. அதனால் பெண்கள் தொழிலானது. இயல்பு என்று ஆனது அதற்குப் பிறகு. இங்கிலாந்தில் 1919 சட்டப்படி ஆண் செவிலியர்களின் பெயர் தனிப் பட்டியலில்தான் இருந்தது. 1949-ல்தான் பொதுப் பட்டியலோடு சேர்ந்தது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநில அரசு மகளிர் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பள்ளியில் ஓர் ஆணுக்கு இடம் மறுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1982-ல். அதில் நீதிபதிகள் சொன்ன காரணம் உங்கள் கேள்விக்கு நேராக வருகிறது ஐயா: ஆண்களை விலக்குவதே ‘இது பெண்கள் வேலை’ என்ற எண்ணத்தை நிலைக்க வைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி உலகச் செவிலியர்களில் சுமார் 90% பெண்கள். கூட்டம் அப்படி இருக்கிறது என்பதால் திறமையும் அப்படியே பிரிந்திருக்கிறது என்று ஆகாது.

அம்மையார் பெயரை எடுத்ததால் ஒன்று. அவர் புள்ளியியலில் பெரிய ஆள். கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் செத்த சிப்பாய்களே அதிகம் என்று வட்டப் படம் போட்டுக் காட்டியவர். 12 பேர் சராசரியை வைத்து அவர் முடிவு எழுதியிருக்க மாட்டார்.

தறி ஓட்டும் குடும்பம். மகளும் மகனும் இரட்டையர், இருவரும் பிளஸ் டூ பயாலஜி. ஒருவரைத்தான் நர்சிங்கில் சேர்க்க முடியும். யாரைச் சேர்த்தால் மார்க் எடுப்பார்கள்?
— அம்மாபேட்டை வாசகர்

பெண் குழந்தைகளைக் காக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாவட்டம் இது. ‘மகளா, மகனா’ என்ற கேள்வியை இங்கே லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆணா, பெண்ணா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலத்தோடு 45% வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குத் தளர்வு உண்டு. வயது 17 நிரம்பியிருக்க வேண்டும். இருவருக்கும் தகுதி இருந்தால், யாருக்கு இதில் விருப்பம் என்று தனித்தனியாகக் கேளுங்கள், ஒருவர் எதிரில் மற்றவரைக் கேட்காதீர்கள். இரவு டியூட்டி, மலம் சிறுநீர் சுத்தம் செய்வது, சாவைப் பக்கத்தில் நின்று பார்ப்பது மூன்றையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். சீருடைக்கு ஆசைப்பட்டு வந்தவர்தான் முதல் செமஸ்டர் உடற்கூறியலில் தடுக்கி விழுவார்.

ஒருவரைத்தான் என்ற முடிவையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் (2022 முதல்), மகனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் (2024 முதல்). அரசுக் கல்லூரி இடம் கிடைத்தால் கட்டணம் தனியார் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான் வரும். சேலத்திலேயே அரசு நர்சிங் கல்லூரி இருக்கிறது, விடுதிச் செலவும் மிஞ்சலாம். கவுன்சலிங்குக்கு முன், பட்டியலில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு கல்லூரியிலும் நான்கு விஷயம் கேளுங்கள்: இந்திய நர்சிங் கவுன்சில் தகுதி இந்த ஆண்டுக்கு இருக்கிறதா, கிளினிக்கல் போஸ்டிங் எந்த மருத்துவமனையில், ஆண்களுக்கு விடுதி உண்டா, கடந்த மூன்று பேட்ச்களில் எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் முடித்தார்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறும் கல்லூரியைப் பட்டியலில் கீழே இறக்கிவிடுங்கள்.